‘இஷி’ என்றால் புரிந்தது என்று அர்த்தமில்லை

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் எல்லாக் கேள்விகளும் ஒரே திசையிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் எத்தியோப்பியர்கள் அதிகம் வாழும் இடம் வாஷிங்டன் வட்டாரம்: சில்வர் ஸ்பிரிங், அலெக்சாண்ட்ரியா பக்கம். சியாட்டில், மினியாபொலிஸ், டல்லஸ் பகுதிகளிலும் கணிசமாக இருக்கிறார்கள். இந்த ஊர்களின் மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் வேலை பார்க்கும் தமிழர்களும் வேறு சிலரும் எத்தியோப்பிய நோயாளிகளைப் பற்றி எழுதிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: கிளினிக் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். எத்தியோப்பியக் குடும்பம் வந்தால் அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் மூன்று கடைசிப் பெயர். கணினியில் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு. பிறந்த தேதி பலருக்கும் ஜனவரி 1. ஒரு குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தால், பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே ஊசி போட்டிருக்கிறார்கள்! என்னதான் நடக்கிறது? (சில்வர் ஸ்பிரிங்)

பதில்: முதல் சிக்கல் தமிழருக்குப் புதிதே இல்லை. அப்பா பெயரை இன்ஷியலாகப் போடும் நமக்கு அமெரிக்கப் படிவத்தில் என்ன ஆகிறது? அப்பா பெயர் கடைசிப் பெயராகி, வங்கியில் தொடங்கி பள்ளிவரை நம்மை அப்பா பெயராலேயே கூப்பிடுகிறார்கள். எத்தியோப்பியாவிலும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. உதாரணத்துக்கு அல்மாஸ் தெஸ்ஃபாயே ஹைலே என்று ஒரு பெண். அல்மாஸ் அவர் பெயர், தெஸ்ஃபாயே அப்பா, ஹைலே தாத்தா. திருமணமானாலும் அது மாறாது. கணவர் பெக்கெலே வோர்கு என்றால் மகள் சாரா பெக்கெலே. ஆக, ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர். காத்திருக்கும் கூடத்தில் ‘மிஸ் தெஸ்ஃபாயே’ என்று கூப்பிட்டால், என்றோ இறந்துபோன அப்பாவைத் தேடுகிறார்களோ என்று அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ‘வெய்செரோ அல்மாஸ்’ என்று கூப்பிடுங்கள். திருமணமான பெண்ணுக்கு அதுதான் மரியாதை. ஆணுக்கு ‘அத்தோ’.

இரட்டைப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். கெப்ரெ மரியம், வோல்தெ கியோர்கிஸ் போன்றவை ஒரே பெயர். கணினி அவற்றைப் பிய்த்து ‘மரியம்’ என்பதைக் கடைசிப் பெயராக்கிவிடும். எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கின் எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். புதுக் கோப்பு திறக்கும் முன் பிறந்த தேதியும் தொலைபேசி எண்ணும் வைத்துத் தேடிப் பாருங்கள். எழுத்துக்கூட்டலைக் காப்பீட்டு அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் போடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வேறு கோப்பில் போய் விழுவது இந்த ஒரு காரணத்தால்தான் அதிகம்.

அடுத்தது தேதி. எத்தியோப்பிய நாட்காட்டிக்கு 13 மாதம். முப்பது நாளில் பன்னிரண்டு, கடைசியில் ஐந்தாறு நாளில் ஒரு குட்டி மாதம். புத்தாண்டு, அதாவது மெஸ்கெரெம் 1, நம் செப்டம்பர் 11. (அடுத்து வருவது லீப் ஆண்டென்றால் 12.) அந்த நாளிலிருந்து டிசம்பர் முடியும்வரை நம்மைவிட ஏழு வருடம் பின்தங்கியிருக்கும், ஜனவரி முதல் புத்தாண்டுவரை எட்டு வருடம். தடுப்பூசி அட்டையில் ‘மெஸ்கெரெம் 2012’ என்றிருந்தால் அது 2019 செப்டம்பர்–அக்டோபர். ஆண்டுக்கு மட்டும் 7 கூட்டிவிட்டு மாதத்தை அப்படியே விட்டால், 28 நாள் இடைவெளி வேண்டிய இரண்டு ஊசிகள் அதற்கும் குறைந்த நாளில் போட்டதாகத் தெரியலாம். கணினி ஒன்றைச் செல்லாது என்று தள்ளும். குழந்தைக்கு மறுபடி குத்து. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் சேர்த்து மாற்றித் தரும் நாட்காட்டி மாற்றி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஜனவரி 1 பிறந்தநாள், நாள் தெரியாத அகதிகளுக்கு அதிகாரிகள் எழுதிவைத்தது. குடியேற்ற ஆவணத்தில் உள்ளதை நீங்கள் திருத்தக் கூடாது, காப்பீடு மறுக்கப்படும். ஆனால் ஆள் உண்மையில் ஐந்தாறு வயது மூத்தவர் என்று தெரிந்தால் மருத்துவரின் குறிப்பில் அது இருக்கட்டும். மார்பகப் படம் 40 வயதில், குடல் புற்றுநோய்ச் சோதனை 45 வயதில் என்று எல்லாம் வயதை வைத்தே ஓடுகிறது.

கடைசியாகக் கடிகாரம். அங்கே பகல் பொழுது சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி; 9 மணி என்பது 3. ‘மூன்று மணிக்கு வாருங்கள்’ என்று நீங்கள் மதியத்தைச் சொல்ல, அவர் காலை 9 மணிக்கு வந்து நிற்பார். அல்லது காலை 9 என்று சொன்னதை மதியம் 3 என்று கொள்வார். ‘ஹபெஷா மணியா, ஃபெரெஞ்ச் மணியா?’ என்று கேட்டாலே போதும், சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்லிவிடுவார். (ஹபெஷா என்பது எத்தியோப்பியர் தங்களையே குறிக்கும் சொல். ஃபெரெஞ்ச் என்பது வெள்ளைக்காரரைக் குறிக்கும் சொல், நம் பறங்கியும் அதே வேரில் வந்ததுதான்.) மாத்திரை நேரத்துக்கும் இதே எச்சரிக்கை. காலை 8, இரவு 8 இரண்டும் அவர் கணக்கில் 2 மணிதான். ‘காலைச் சாப்பாட்டோடு, இரவுச் சாப்பாட்டோடு’ என்று சொல்வது பத்திரம்.

கேள்வி: நோயாளியின் பன்னிரண்டு வயது மகன் நன்றாக ஆங்கிலம் பேசுகிறான். மொழிபெயர்ப்பாளருக்காக இருபது நிமிடம் காத்திருப்பதைவிட அவனை வைத்தே முடித்தால் என்ன? (செவிலியர், வர்ஜீனியா)

பதில்: கூடாது. சட்டமும் இடம் தராது. 1964 சிவில் உரிமைச் சட்டமும் 2010 காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும் என்கின்றன. உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர மற்ற நேரத்தில் சிறுவர்களைப் பயன்படுத்தக் கூடாது. வாஷிங்டன் நகரத்தில் 2004 முதல் தனி மொழிச் சட்டமும் இருக்கிறது. அங்கே அரசு அலுவலகங்களில் அம்ஹாரிக் ஒரு சேவை மொழி.

சட்டத்தை விடுங்கள். அம்மாவின் மாதவிலக்கு, அப்பாவின் குடிப்பழக்கம், வீட்டில் அடிதடி: இதையெல்லாம் அந்தப் பையன் மொழிபெயர்க்கவே மாட்டான். வேறு எதையாவது சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பான்.

நேரத்தை மிச்சப்படுத்த வழி உண்டு. முன்பதிவுத் தொலைபேசியிலேயே மொழியைக் கேட்டுக் கோப்பில் எழுதுங்கள். ‘எத்தியோப்பியர், ஆகவே அம்ஹாரிக்’ என்று நீங்களாக முடிவு செய்வதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ஒரோமோ, திக்ரின்யா, சோமாலி, சிதாமா என்று தாய்மொழிகள் பல. ஒரோமோ பெரியவர் ஒருவருக்கு அம்ஹாரிக் கடைத்தெரு அளவுக்குத்தான் தெரிந்திருக்கும். கேட்டால் தெரியும் என்பார், மரியாதைக்கு. துண்டறிக்கையும் அப்படியே: அம்ஹாரிக், திக்ரின்யாவுக்கு ஒரே வகை எழுத்து; ஒரோமோவுக்கு ரோமன் எழுத்து. கிராமத்து மூதாட்டிக்கு இரண்டுமே வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். அப்போது மாத்திரைப் பட்டையில் சூரியனும் நிலாவும் வரைவதே நல்ல மொழிபெயர்ப்பு.

நாட்டின் அரசியலும் அறைக்குள் வரும். வடக்கு எத்தியோப்பியாவின் திக்ராய்ப் பகுதியில் 2020 நவம்பரில் தொடங்கிய போர் 2022 நவம்பரில் பிரிட்டோரியா ஒப்பந்தத்தோடு முடிந்தது. அதன் காயம் ஆறவில்லை. எந்த மொழி, எந்தப் பகுதி என்று மொழிபெயர்ப்பாளரின் குரலிலேயே நோயாளி கண்டுகொள்வார். பேச்சு சட்டென்று நின்றால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஊர் சிறியது. ஒரே தேவாலயம், ஒரே மளிகைக்கடை. நேரில் வரும் மொழிபெயர்ப்பாளர் நோயாளியின் ஒன்றுவிட்ட அத்தைக்குத் தெரிந்தவராக இருப்பார். எய்ட்ஸ், மனநலம், கருச்சிதைவு போன்ற பேச்சுக்கு வேறு மாநிலத்திலிருந்து பேசும் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நோயாளியின் பெயரைச் சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்பாளரின் அடையாள எண்ணைக் கோப்பில் எழுதுங்கள். பேசும்போது நோயாளியைப் பாருங்கள், தொலைபேசியை அல்ல. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

‘இஷி’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘சரி’ என்று பொருள். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், உங்களை மதிக்கிறேன் என்பதற்கும் அதே இஷிதான். ஏழு முறை இஷி சொன்னவர் வீட்டுக்குப் போய் மாத்திரையைப் பாதி அளவில் போடுவார். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘வீட்டில் போய் மகளிடம் எப்படிச் சொல்வீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அதோடு, ‘ஆமாம்’ என்பதற்குப் பலர் வாயைத் திறந்து சட்டென்று ஒரு மூச்சை உள்ளே இழுப்பார்கள். புதிய செவிலியர்கள் மூச்சுத்திணறல் என்று ஆக்சிஜன் அளவைப் பார்க்க ஓடுவதுண்டு!

கேள்வி: மருந்துக்கடையில் வேலை. தவக்காலம் வந்தால் எத்தியோப்பிய வாடிக்கையாளர்கள் சர்க்கரை மாத்திரையை வாங்க வருவதில்லை. நோன்பு எவ்வளவு நாள், என்ன சொல்லி அனுப்புவது? (அலெக்சாண்ட்ரியா)

பதில்: முதலில் யார் நோன்பு இருக்கிறார் என்று கேளுங்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், ‘பெந்தே’ எனப்படும் புராட்டஸ்டண்டுகள் என்று மூன்று பெரும் பிரிவு. ரமலான் பற்றி மருந்தாளருக்குக் கொஞ்சம் தெரியும். ஆர்த்தடாக்ஸ் நோன்பு பற்றித்தான் யாருக்கும் தெரிவதில்லை.

அது ஆண்டுக்கு ஏறக்குறைய 180 நாள். மதகுருமாருக்கு 250 வரை போகும். புதன், வெள்ளி எப்போதும் உண்டு (ஈஸ்டருக்குப் பிறகு ஐம்பது நாள் மட்டும் விலக்கு). ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு 55 நாள். ஆகஸ்டில் மாதாவுக்கான ஃபில்செத்தா. நோன்பு நாளில் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை கிடையாது. கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை தண்ணீரும் குடிப்பதில்லை. ரமலானிலிருந்து இதன் வித்தியாசம் இங்கேதான். நோன்பு திறந்த பிறகும் உணவு சைவமே, அதாவது மாவுச்சத்து மேல் மாவுச்சத்து.

தட்டைப் பாருங்கள். இஞ்சேரா என்பது டெஃப் என்ற கடுகளவு தானியத்தை அரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து ஊற்றும் பெரிய தோசை. ஒரு பக்கம் முழுக்கத் தேன்கூடுபோல் கண்கள். தட்டும் அதுதான், கரண்டியும் அதுதான், சாப்பாடும் அதுதான். மேலே கடலைமாவில் கிண்டிய ஷிரோ, சிவப்புப் பருப்பு, உருளைக்கிழங்கு, கோமென் என்னும் கீரை. 100 கிராம் இஞ்சேராவில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவகத்தின் முழு இஞ்சேரா ஒன்று 300 கிராமைத் தாண்டும். கணக்கை நீங்களே போடலாம். அமெரிக்காவில் டெஃப் விலை அதிகம் என்பதால் கோதுமை, பார்லி, சுயமாக உப்பும் மாவு எல்லாம் கலக்கிறார்கள். அது சர்க்கரையை இன்னும் வேகமாக ஏற்றும். ‘இஞ்சேராவை விடுங்கள்’ என்று சொல்லும் உணவு ஆலோசகரிடம் இரண்டாம் முறை யாரும் போவதில்லை. சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துக் காட்டி, முழுசிலிருந்து பாதிக்கு, பிறகு மூன்றில் ஒன்றுக்கு இறக்கச் சொல்லுங்கள். பருப்பும் கீரையும் ஏறட்டும். கூட்டுத்தட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும்போது தன் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சர்க்கரை நோயாளிக்குத் தனித் தட்டு என்றால் வீட்டில் வருத்தப்படுவார்கள். அவர் பக்கத்து இஞ்சேராவை முதலிலேயே அளவாக வெட்டி வைக்கச் சொன்னால் ஏற்பார்கள்.

மருந்து விஷயம். பெருநோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மினால் மட்டும் சர்க்கரை தாழ்வது அரிது. அதைச் சாப்பாட்டு நேரத்துக்கு நகர்த்தலாம். கிளிபிசைடு, கிளிமிபிரைடு, இன்சுலின் ஆபத்தானவை. அளவைக் குறைக்காமல் காலையில் வழக்கம்போல் போட்டுவிட்டு 3 மணி வரை பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். எம்பாகிளிஃப்ளோசின் வகையில் நீர்வறட்சியும் கீட்டோன் ஏற்றமும் வரலாம். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் அன்றைய நோன்பை உடனே முறிக்க வேண்டும். இதை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு மறைவான பொறிகள் உண்டு. நீண்ட சைவமும் மெட்ஃபார்மினும் சேர்ந்தால் பி12 குறையும். பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரைமேல் பழி போட்டுவிடுவோம், அதனால் பி12 சோதனையும் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு நோன்புக்காலத்தில் கோமென் கீரை தினமும் என்றாகும். அதன் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) இறங்கும். ஈஸ்டர் முடிந்து இறைச்சிக்குத் திரும்பியதும் ஏறும். அளவு பார்க்கும் தேதியை இதற்கேற்ப வையுங்கள்.

நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் சபையே விலக்கு தருகிறது. ஆனால் விலக்கை நீங்கள் அறிவித்தால் செல்லாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘நெஃப்ஸ் அபாத்’, அதாவது ஆன்ம தந்தை என்று ஒரு குரு இருப்பார். நோயாளி சம்மதித்தால் மருத்துவர் நாலு வரி எழுதி அவர் கையில் கொடுத்தனுப்பட்டும். எங்கள் கணிப்பில், பத்து அறிவுரைத் தாள்களைவிட அந்த நாலு வரி வேலை செய்யும்.

கேள்வி: பக்கத்து வீட்டு எத்தியோப்பியப் பெரியவருக்கு இருமலே இல்லை. ஆனாலும் காசநோய் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஊரில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டதால்தான் சோதனை அப்படிக் காட்டுகிறது என்கிறார். உண்மையா? (சியாட்டில்)

பதில்: எந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது. கையில் குத்தி வீக்கம் பார்க்கும் தோல் சோதனையை பிசிஜி குழப்பும். ஐஜிஆர்ஏ எனப்படும் ரத்தச் சோதனையை குழப்பாது. ரத்தத்தில் வந்து, தீவிர நோய் இல்லை என்றும் மருத்துவர் உறுதி செய்திருந்தால், கிருமி உள்ளே தூங்குகிறது என்றே கொள்ள வேண்டும். தூங்கும் கிருமி பிறருக்குத் தொற்றாது. இதை வீட்டாரிடம் முதலில் சொல்லாவிட்டால் அவர் தட்டும் டம்ளரும் தனியாகிவிடும்.

சிகிச்சை இப்போது சுருங்கிவிட்டது. வாரம் ஒருமுறை இரண்டு மருந்து, 12 வாரம்; அல்லது ரிஃபாம்பின் தினமும் நான்கு மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், எய்ட்ஸ் மருந்துகள் ஆகியவற்றோடு ரிஃபாம்பின் மோதும். வாந்தி, பசியின்மை, கண் மஞ்சள் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அவரை அழைத்துப் போகும்போது இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி: எத்தியோப்பியாவில் இது பரவலாக உண்டு, பல ஆண்டு எந்த அறிகுறியும் இருக்காது. மேற்பரப்பு ஆன்டிஜென், அதன் எதிர்ப்பொருள், மையப்பகுதி எதிர்ப்பொருள் என்று மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். முதலாவது இருந்தால் வைரஸ் உடலில் இருக்கிறது. கல்லீரல் நொதியும் வைரஸ் அளவும் பார்த்து, மருத்துவர் சொல்லும் வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன். வீட்டில் உள்ளவர்களுக்குச் சோதனையும் தடுப்பூசியும். ‘கேரியர்’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, தனக்கு ஒன்றுமில்லை, வெறுமனே சுமக்கிறேன் என்று திரும்பி வராதவர்கள் பலர்.

இரண்டாவது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல்புழு. ஊரை விட்டு முப்பது ஆண்டு ஆனாலும் உடலுக்குள்ளேயே பெருகி உயிரோடிருக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ப்ரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தால் புழு உடலெங்கும் பரவி உயிரையே வாங்கலாம். ஸ்டீராய்டு தொடங்கும் முன் ரத்தத்தில் ஒரு சோதனை, இருந்தால் ஐவர்மெக்டின். ஒரு வரிக் கேள்விதான். கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கேள்வி: இஸ்ரேலில் எத்தியோப்பியர் தந்த ரத்தத்தைக் கொட்டிவிட்டார்கள் என்பது உண்மையா, வதந்தியா? (சென்னை)

பதில்: உண்மை. பேத்தா இஸ்ரேல் எனப்படும் எத்தியோப்பிய யூதர்கள் 1984–85-இல் சூடான் வழியாகவும், 1991 மே மாதம் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் பதினாலாயிரத்துச் சொச்சம் பேர் விமானங்களிலும் இஸ்ரேல் வந்தார்கள். அவர்கள் தானம் செய்த ரத்தத்தை, எச்ஐவி பயத்தில், அவர்களிடம் சொல்லாமலேயே ரத்த வங்கி அப்புறப்படுத்தி வந்தது 1996 ஜனவரியில் வெளியானது. ஜெருசலேமில் பிரதமர் அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டு போலீசாரோடு மோதினார்கள். முன்னாள் அதிபர் இட்சாக் நவோன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பிறகு 2012 முடிவில் மூன்று மாதக் கருத்தடை ஊசி விவகாரம். பெண்களுக்கு விளக்காமல் போட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததும், என்னவென்று புரியாத பெண்ணுக்கு அதை மறுபடி எழுதித் தரவேண்டாம் என்று 2013 ஜனவரியில் சுகாதார அமைச்சகம் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. கட்டாயப்படுத்தியதற்கு ஆதாரமில்லை என்று அரசுத் தணிக்கையாளர் பின்னர் சொன்னார். புண்பட்டவர்களை அது சமாதானப்படுத்தவில்லை.

இந்தச் சமூகத்தில் வந்து இறங்கியபோது அரிதாயிருந்த சர்க்கரை நோய், ரொட்டியும் குளிர்பானமும் உட்கார்ந்த வேலையும் சேர்ந்து பத்திருபது ஆண்டில் பல மடங்கானது. அதற்கு அவ்வப்போது சில குழாய் ரத்தம் வேண்டும் என்று மருத்துவர் கேட்கும்போது, ‘எதற்கு இவ்வளவு ரத்தம், எங்கே போகிறது?’ என்று நோயாளி கேட்டால் அது அறியாமையில் பிறந்த கேள்வி இல்லை. ஒவ்வொரு குழாயையும் காட்டி, இது சர்க்கரைக்கு, இது சிறுநீரகத்துக்கு, மொத்தம் இரண்டு தேக்கரண்டி என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

கேள்வி: கிரீன் கார்டு குலுக்கலில் வந்த குடும்பம். மெடிக்கெய்டு (குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இல்லை என்கிறார்கள். அகதியாக வந்த பக்கத்து வீட்டாருக்கு மட்டும் இருக்கிறதே? (டல்லஸ்)

பதில்: 1996 சட்டப்படி கிரீன் கார்டுக்காரர்கள் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்; அகதிகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் 2025-இல் வந்த சட்டம் 2026 அக்டோபரிலிருந்து அகதிகளின் தகுதியையும் சுருக்குகிறது; பக்கத்து வீட்டாரும் தங்கள் நிலையை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. பல மாநிலங்களில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஐந்தாண்டு விதி தளர்த்தப்பட்டிருக்கிறது.

வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையங்கள் இருக்கின்றன. இரண்டு சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வரிப் படிவம் கொண்டு போனால் முதல் நாளே கட்டணம் முடிவாகும். லாப நோக்கமற்ற மருத்துவமனை பெரிய பில் அனுப்பினால் கடன் அட்டையில் கட்டிவிடாதீர்கள். நிதி உதவி விண்ணப்பம் கேளுங்கள். முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை அவர்கள் அதை ஏற்றாக வேண்டும். அவசரப் பிரிவில் காப்பீடு இல்லை என்று யாரையும் திருப்பியனுப்ப 1986 சட்டம் அனுமதிப்பதில்லை. பில் மட்டும் பின்னால் வரும்.

கேள்வி: பிரசவப் பிரிவில் இருக்கிறேன். பிறப்புறுப்பு அறுக்கப்பட்ட பெண்கள் வருகிறார்கள். எப்போது, எப்படிக் கேட்பது? (மினியாபொலிஸ்)

பதில்: கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே, பெண் மொழிபெயர்ப்பாளரை வைத்து, கணவர் வெளியே இருக்கும்போது. எத்தியோப்பியாவின் 2016 கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 65 சதவீதத்தினர் அறுக்கப்பட்டவர்கள். ஆனால் வகை வேறு வேறு. தைத்து மூடும் கடுமையான வகை சோமாலி, அஃபார் பகுதிகளில்தான் அதிகம். ‘உங்கள் ஊரில் சிறுமிகளுக்குச் செய்வார்களே, உங்களுக்கும் செய்திருக்கிறார்களா?’ என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். ‘சிதைப்பு’ என்ற சொல் வேண்டாம். மூடிய வகை என்றால் திறக்கும் சிறு அறுவையை நடு மாதங்களிலோ பிரசவ வலியின்போதோ செய்யலாம். முடிவு அந்தப் பெண்ணுடையது. திறந்த பிறகு சிறுநீர் வேகமாக வரும், மாதவிலக்கு வேறு மாதிரி உணரப்படும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். மாணவர்களைக் கூட்டிவந்து காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பெண் அடுத்த பிரசவத்துக்கு வலி முற்றும்வரை வரமாட்டார்.

கேள்வி: தலை எரிகிறது, நெஞ்சு அழுத்துகிறது என்று ஒரு பெண் நான்கு முறை வந்துவிட்டார். எல்லாச் சோதனையும் சரி. மனச்சோர்வுக் கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்கிறார். (குடும்ப மருத்துவர், மேரிலாந்து)

பதில்: துயரம் உடம்பின் மொழியில் வருகிறது. கேள்வித்தாளை ஓரம் வைத்துவிட்டு ‘சின்கெத்’ இருக்கிறதா என்று கேளுங்கள். கவலை, நெருக்கடி என்று பொருள், வெட்கப்பட வேண்டாத சொல். தூக்கம் எப்படி, ஊரில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது பேசினீர்கள், மாதம் எவ்வளவு பணம் அனுப்புகிறீர்கள் என்று தொடருங்கள். பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் கதவு திறக்கும். மாத்திரை எழுதினால், வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதைத் திரும்பச் சொல்லவையுங்கள். ஒரு வாரத்தில் குணம் தெரியாத மருந்து தவறான மருந்து என்பதே பலரின் அனுபவம்.

ட்செபெல் என்னும் தேவாலயப் புனித நீர் குடிக்கிறாரா என்றும் கேளுங்கள், முகம் சுளிக்காமல். 2007-இல் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தலைவர் அபுனே பவுலோஸ், எய்ட்ஸ் மருந்தையும் புனித நீரையும் சேர்த்தே எடுக்கலாம் என்று சொன்னார். நடைமுறைச் சிக்கல் அளவுதான்: வெறும் வயிற்றில் ஏராளமாகக் குடித்து வாந்தி எடுத்தால் மாத்திரையும் போய்விடும். மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். சிறுநீரகம், இதயம் பழுதானவருக்கு மொத்த அளவைக் குறைக்க வேண்டும்.

கெட்ட செய்தி சொல்லவேண்டி வந்தால் ஒரு வழக்கத்தைத் தெரிந்துவைத்திருங்கள். சாவுச் செய்திக்கு ‘மெர்தோ’ என்று பெயர். அதைத் தொலைபேசியில் போட்டு உடைப்பதில்லை. நெருங்கியவர்கள் கூடி, விடியற்காலையில் வீட்டுக்குப் போய், ஆள் தனியாக இல்லாதபோது சொல்வார்கள். புற்றுநோய் முடிவை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் சொல்லும் அமெரிக்க வேகம் அவர்களுக்குக் கொடூரமாகப் படுகிறது. முதல் சந்திப்பிலேயே, முடிவு வந்தால் யாரிடம் முதலில் சொல்லவேண்டும், யார் உடனிருக்க வேண்டும் என்று நோயாளியிடமே கேட்டு, அந்தப் பெயரையும் எண்ணையும் கோப்பில் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கி வைத்துவிடுங்கள்.